180 கிராம் சுருக்குப் பை

எடை குறைந்த மலையேற்றப் பை என்பது உள்ளே கம்பியோ அலுமினியச் சட்டமோ இல்லாமல், ஒற்றைத் துணியில் தைத்துத் தோளில் மாட்டும் பை. கடையில் விற்கும் பெரிய மலையேற்றப் பைகள் வெறுமையாகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். சட்டம், தடித்த திண்டு, ஏழெட்டு ஜிப், உள்ளறை, மேல்மூடி, இடுப்புப் பட்டை எல்லாம் சேர்ந்த கனம் அது. இவற்றை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு வாய், ஓர் அடி, இரண்டு தோள்பட்டை. 30 லிட்டர் கொள்ளும் அப்படியொரு பை 200 கிராமுக்குள் அடங்கிவிடும். சட்டம் இல்லாததால் பாரமெல்லாம் தோளில்தான் இறங்கும். எட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏற்றினால் பட்டை தோளை அறுக்கும். ஆகவே பை இலேசாக இருக்க வேண்டுமென்றால் முதலில் அதற்குள் போகிற பொருள்கள் இலேசாக இருக்க வேண்டும்.

இந்த வகைப் பையை வீட்டில் தைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு மூத்த உதாரணம் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி. 1955இல், தம் 67ஆவது வயதில், 3000 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். ஜீன்ஸ் துணியில் தாமே தைத்த ஒரு சுருக்குப் பைதான் அவர் தோளில் கிடந்தது. விண்வெளித் துறையில் பொறியாளராக இருந்த ரே ஜார்டின் இதை ஒரு முறையாக்கினார். பசிபிக் மலைமுகட்டுப் பாதையை மனைவியோடு நடந்தவர் அவர். 1992இல் வெளியான அவருடைய கைநூலுக்குப் பிறகு, பையையும் கூடாரத்தையும் வீட்டுத் தையல் மெஷினில் தைப்பவர்கள் உலகெங்கும் பெருகினார்கள். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாக மொத்தச் சுமை 4.5 கிலோவுக்குள் நின்றால் அதை மிக இலேசான சுமை என்று மலையேறிகள் கணக்கிடுகிறார்கள்.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இப்படி ஒரு பை தைக்கப்பட்டது 2019 ஜனவரியில். அது வேலையில்லாத தை மாதம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு சேர்த்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நவம்பரில் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகள் மூடப்பட்டன, மாதக்கணக்கில் திறக்கவில்லை. காலண்டர் சீசனும் முடிந்துவிட்டதால் அச்சகங்களிலும் வேலை தணிந்திருந்தது. பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அத்தையும், ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்த்த அவருடைய மருமகனும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்தார்கள். கணவரை இழந்த பிறகு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அத்தைக்குக் கிடைத்த தையல் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைப்பதும், ஆலை நாட்களில் இரவு பெட்டி ஒட்டுவதும் அவருடைய உபதொழில்கள். தை அமாவாசைக்குச் சதுரகிரி மலை ஏறுவதென்று மருமகன் தீர்மானித்திருந்தார். அதற்குத்தான் பை.

பைக்கு முதலில் வேண்டியது துணித் தேர்வு. காடாத் துணி மலிவு, தைக்க எளிது. ஆனால் நனைந்தால் எடை கூடும், காயவும் நேரமாகும். ஃபிளெக்ஸ் பேனர் சிவகாசியில் தெருவெங்கும் கிடைக்கும். கனம் அதிகம், மடித்த இடத்தில் வெடிக்கும். அரிசிச் சாக்கு வியக்கத்தக்க அளவு இலேசு, இழுத்தால் தாங்கும். ஆனால் வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாகப் பிரியும், வெயிலில் சில மாதங்களில் நொறுங்கத் தொடங்கும். குடைத் துணி இலேசுதான், ஆனால் பாரம் தொங்கும் இடத்தில் தையலோடு கிழிகிறது. இவற்றையெல்லாம் கழித்தால் நிற்பது ரிப்ஸ்டாப் நைலான். கடைக்காரர்கள் பாராசூட் துணி என்பது இதைத்தான். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டுக்குப் பயன்பட்ட நெசவு. மெல்லிய இழைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழை ஓடிச் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும். முள் குத்திக் கிழிந்தாலும் கிழிசல் அடுத்த தடித்த இழையில் நின்றுவிடும்.

இழையின் பருமனை டெனியரில் சொல்வார்கள். 9000 மீட்டர் நீள இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். பள்ளிப் பைகளுக்கு 600 டெனியர் துணி சாதாரணம். இலேசான மலைப் பைக்கு 70 டெனியர் போதும். மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடை ஒன்றில் இரண்டு மீட்டர் வாங்கப்பட்டது. 58 அங்குல அகலம், கருநீலம், உள்பக்கம் தண்ணீர் புகாத பூச்சு. கையில் எடுத்தபோது சருகுபோலச் சலசலத்தது. அத்தை அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, மெஷினை விட்டு எட்டக் கட்டிலில் வைத்தார்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. பட்டாசு ஆலையில் நைலானும் பாலியஸ்டரும் ஆகாதவை. உரசினால் இந்த இழைகளில் மின்னேற்றம் தங்கும். பருத்தி ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் அதில் ஏறும் மின்னேற்றம் தானே கசிந்துவிடும். நைலானில் ஈரம் குறைவு, ஏறியது ஏறியபடி நிற்கும். மழை குறைந்த வறண்ட காற்றுதான் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைக்கக் காரணம். அதே வறட்சி நிலைமின்னுக்கும் உகந்தது. சரியான இடத்தில் ஒரு பொறி எழுந்தால் அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த மருந்துக்கு அது போதும். அதனால்தான் அறைக்குள் நுழையும் முன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொடச் சொல்கிறார்கள். பருத்திச் சேலை, பருத்திச் சட்டை, வெறுங்கால் என்பதெல்லாம் விதி. இருபது ஆண்டு அந்த விதியில் பழகிய கைக்கு, மெஷினுக்கு முன்னால் நைலானை விரிப்பது எளிதாக வரவில்லை.

துணியைத் தொடும் முன் காகிதத்தில் வரைந்து பார்ப்பது அவசியம். இதில் நாரணாபுரத்துக்கு ஒரு வசதி உண்டு: தாளுக்குப் பஞ்சமே இல்லை. அச்சகத்தில் வண்ணம் ஒன்றோடொன்று பொருந்தும்வரை ஓட்டிக் கழித்த 23க்கு 36 அங்குலத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு பக்கம் கம்பி மத்தாப்புப் பெட்டியின் படம், சிவப்பு மட்டும் கொஞ்சம் விலகி, மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தில் பையின் அளவுகள் ஏறின. முதுகு அகலம் 11 அங்குலம், கனம் 6, சுருக்கும் வாயையும் சேர்த்து உயரம் 28. பெருக்கினால் 1848 கன அங்குலம், சுமார் 30 லிட்டர். உயரத்தை நிர்ணயிப்பது ஆளின் உயரம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது, குனிந்தால் பிடரிக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரையுள்ள தூரம். உயரமானவருக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம்.

அமைப்பு இப்படி. முன்பக்கம், அடி, முதுகுப்பக்கம் மூன்றும் ஒரே நீளத் துண்டு: 28, 6, 28 ஆக 62 அங்குலம், இரு முனையிலும் மடிக்க ஒன்றரை அங்குலம் சேர்த்து 65. இரு பக்கங்களுக்கும் இரண்டு குறுகிய துண்டுகள். பாரம் மிகுதியாக விழும் அடிப்பகுதியின் முன்னும் பின்னும் தையலே வராமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வெட்டின் பலன். தையலுக்கு எல்லா ஓரத்திலும் முக்கால் அங்குலம் விடப்பட்டது. பாதி வரைந்து, துணியை இரண்டாக மடித்து வெட்டிவிடலாம் என்றார் மருமகன். வழுக்கும் துணியை மடித்து வெட்டினால் கீழ்ப்படி நகர்ந்து கோணல் விழும் என்று அத்தை ஒப்பவில்லை. இரண்டு தாள்களை மைதாப் பசையால் ஒட்டி முழு நீளத்துக்கு வரைந்து, துணியை ஒற்றையாக விரித்து, தாளின் மேல் சோற்றுத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, சாக்கட்டியால் கோடிழுத்து வெட்டினார்கள். துணியின் கட்டங்கள் தரைக்கு நேர்செங்குத்தாக ஓட வேண்டும். கோணலாக வெட்டிய துணி சுமையில் நீண்டு, பை ஒரு பக்கம் தொங்கும்.

வெட்டிய நைலானின் ஓரம் உடனே பிசிறும். சூடான கம்பியால் அல்லது மெழுகுவத்திச் சுடரால் ஓரத்தை இலேசாக உருக்கி அடைப்பதே இந்தக் கலையின் நூல்களெல்லாம் சொல்லும் வழி. மருமகன் லைட்டரை எடுத்தார். “ஏய்யா, தீ உரசுற சோலி இந்த வீட்டுல வேண்டாம். மடிச்சு அடிச்சாப் பிசிறு எங்க போகும்?” என்றார் அத்தை. ஆலைக்குப் போகும் நாட்களில் குளித்து உடை மாற்றாமல் அடுப்பங்கரைக்குள் கால் வைக்காதவர் அவர். ஆலை மூடியிருந்த மாதங்களிலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அதனால் ஓரம் ஓரிடத்தில்கூட உருக்கப்படவில்லை. அடி நீங்கலாக எல்லா ஓரமும் மடிப்புக்குள்ளேயே போயிற்று. பை பிற்பாடு காட்டிய உறுதியில் பாதி இந்த மறுப்பிலிருந்து வந்தது.

ஜீன்ஸ் காலின் உள்ளோரத்தில் இரண்டு வரித் தையல் தெரியுமே, அதுதான் அந்த மடிப்பு. இரு துண்டுகளை முதலில் சாதாரணமாக ஒரு தையல் போட்டு இணைக்க வேண்டும். பிறகு உள்ளே நிற்கும் இரண்டு ஓரங்களில் ஒன்றைப் பாதியாக நறுக்கி, அகலமானதை அதன் மேல் மடித்துப் போர்த்தி, படுக்கவைத்து இரண்டாம் வரி ஓட்ட வேண்டும். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். இழுவிசையும் இரு வரிகளுக்குப் பங்காகும்.

இந்தத் தையல் அரிசிச் சாக்கு ஒன்றில் முதலில் ஒத்திகை பார்க்கப்பட்டது. அளவெல்லாம் அதே அளவு, பட்டைகள் உட்பட. ஏழு கிலோ அரிசியைக் கட்டிப் போட்டுத் தோளில் மாட்டி, தெருமுனைவரை நடந்து திரும்புவதற்குள் வலப்பக்கப் பட்டை வேரோடு பிரிந்தது. நூல் அறவில்லை. தையல் ஓடிய வரியிலேயே சாக்கு நேராகக் கிழிந்திருந்தது. ஜாக்கெட்டுக்குப் போடுவதுபோல அங்குலத்துக்குப் பதினான்கு தையல் விழுந்திருந்தது காரணம். பில் புத்தகத்தில் தாளைக் கிழிக்க வசதியாகப் புள்ளித்துளை போடுவார்களே, நெருக்கமான தையல் துணிக்குச் செய்வது அதைத்தான். மருமகன் அந்தப் புள்ளிமெஷினில் வேலை பார்த்தவர் என்பதால் கிழிசலைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தையல் நீளம் கூட்டப்பட்டு, அங்குலத்துக்கு எட்டு ஒன்பது என்று வைக்கப்பட்டது.

நைலானுக்கு 14ஆம் எண் ஊசி, புதியதாக. மழுங்கிய ஊசி இழையை விலக்காமல் இழுத்துக்கொண்டு போய் வரிவரியாகச் சுருக்கம் விழச் செய்யும். நூல் பாலியஸ்டர் நூலாக இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும். குண்டூசி குத்தினால் பூச்சுத் துணியில் அந்தத் துளை நிலைத்துவிடும் என்பதால், அச்சகத்தில் தாள்கட்டைப் பிடிக்கும் கறுப்புக் கிளிப்புகள் வரிசையாக மாட்டப்பட்டன. பூச்சுப் பக்கம் மெஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அத்தை பட்டாசு சுற்றும் மெல்லிய வண்ணத்தாளை இரண்டு விரற்கடை அகலத்தில் கிழித்து, துணிக்கும் பாதத்துக்கும் இடையே வைத்து ஓட்டினார். தையல் முடிந்ததும் தாளைப் பிய்த்தெறிந்தால் சரி. ரோஸ் நிறத் தாளின் சில நுனிகள் உள்மடிப்பில் மாட்டிக்கொண்டு இன்றும் தெரிகின்றன.

அடிமூலைகள்தான் சிரமம். நேராக ஓடும் நீளத் துண்டு அங்கே பக்கத்துண்டைச் சுற்றிச் செங்கோணமாகத் திரும்ப வேண்டும். மூலை வரும் இடத்தில் நீளத் துண்டின் ஓரத்தை, தையல் வரிக்கு ஒரு நூல் முன்புவரை, கத்தரியால் வெட்டிவிட்டால் துணி விரிந்து திரும்பும். ஊசியைத் துணிக்குள் குத்தியபடியே நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். வெட்டு வரியைத் தாண்டினால் மூலையில் ஓட்டை; எட்டாவிட்டால் கொசுவம். நான்கு மூலைகளில் ஒன்றில் வெட்டு தாண்டிவிட்டது. அங்கே உள்ளிருந்து ஒரு முக்கோணத் துண்டு வைத்துத் தைக்க வேண்டியதாயிற்று. அடியில் மடிப்புத் தையல் வளைந்து வராது. அதனால் அங்கு மட்டும் மூன்று முறை ஓட்டி, ஓரத்துக்குக் கிராஸ் துணியில் பைப்பிங் கட்டப்பட்டது.

தோள்பட்டைகள் தனியாக முடிக்கப்பட்டன. எட்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள தரைவிரிப்பு ஃபோமில் இரண்டரை அங்குல அகலத்துக்கு இரண்டு துண்டு; அதற்கு மேல் அதே நைலானில் உறை. பட்டையை இறுக்கும் பக்கிள்கள் அரசு கொடுத்த விலையில்லாப் பள்ளிப் பை ஒன்றிலிருந்து, பை இற்றபின், அறுத்து எடுத்தவை. பட்டையின் மேல்முனைதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. 70 டெனியர் துணியில் அதை நேராகத் தைத்தால் நிற்காது. முதுகுத் துணியின் உட்புறத்தில் பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்து, பட்டை முனையை அதனோடு சேர்த்து, பெட்டிபோல நாலாபுறமும் ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போடப்பட்டது. கீழ்முனைக்கு முக்கோணமாக ஒரு காது மடித்துப் பக்கத் தையலுக்குள் கொடுத்தார்கள். இழுவை அப்போது ஒரு புள்ளியில் நில்லாமல் தையல் நீளத்துக்குப் பரவும்.

வாய்க்கு ஜிப் வைக்கவில்லை. ஜிப்பின் எடை ஒருபுறம் இருக்க, மணலும் புழுதியும் புகுந்து பல் விட்டுப்போனால் பாதிமலையில் பையை மூட வழியிருக்காது. வெற்றிலையும் சில்லறையும் போட்டு இடுப்பில் செருகிய கிழவிகளின் சுருக்குப் பையை நாரணாபுரத்தில் பார்க்காதவர் கிடையாது. அதே வாய்தான் இதற்கும்: மேலோரத்தை முக்கால் அங்குலக் குழாயாக மடித்துத் தைத்து, கயிறு வெளிவரும் இடத்தில் கையால் ஒரு காஜா போட்டு, மூன்று மில்லிமீட்டர் நைலான் கயிற்றைக் கோத்து இழுத்தால் முடிந்தது. இந்த ஒரு பகுதிக்கு மட்டும் எந்த நூலையும் யாரும் பார்க்கவில்லை.

பக்கப் பைகள் இரண்டும் அதே துணி. முன்புறம் ஒரு பெரிய வெளிப்பைக்குக் கொசுவலை வைக்கப்பட்டது. ஈரத்துண்டைச் செருகினால் நடக்க நடக்கக் காயும் என்பது எண்ணம். மீந்த துணியில் உள்ளே போட ஒரு தனிச் சாக்கும் தைத்தார்கள். ஊசித் துளைகள் வழியே தண்ணீர் கசியும் என்பதால் மலையேறிகள் பைக்குள் ஒரு பாலிதீன் உறையை விரிப்பது வழக்கம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்துவிட்டது. சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையின் வனத்துறை வாயிலிலும் பைகளைச் சோதிப்பார்கள். உட்சாக்கு அந்தக் குறையைத் தீர்த்தது.

எல்லாம் முடிந்து மளிகைக் கடை மின்தராசில் வைத்தபோது 180 கிராம். கடைக்காரர் பையைத் தூக்கி ஒருமுறை ஆட்டிப் பார்த்து, உட்சாக்கையும் வைத்து மறுபடி நிறுத்தார். அத்தை தராசின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மலைக்குக் கொண்டுபோகவிருந்த ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலின் எடை அதைவிட அதிகம்.

சதுரகிரி ஏறுபவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்கு வருவார்கள். சாம்பல் நிற மலை அணிலுக்கென்று ஒதுக்கப்பட்ட சரணாலயக் காடு அது; 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 2019இல் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில்தான் ஏற அனுமதி இருந்தது. ஓடையில் திடீர் வெள்ளம் வரும் காடு. 2015 மே மாதத்தில் அப்படியொரு வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. தையில் அந்தப் பயம் குறைவு. 2019 பிப்ரவரி 4, தை அமாவாசையன்று விடியலில் பை மலையேறியது. உள்ளே இருந்தவை: முதுகுப் பக்கம் நாலாக மடித்த போர்வை, அது சட்டத்துக்குப் பதில், அதையொட்டி நடு உயரத்தில் புளிச்சோற்றுத் தூக்கும் பூசைச் சாமானும், வெளியே மாற்றுத்துணி, பக்கத்தில் தண்ணீர். மொத்தம் நாலரைக் கிலோ. கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்க வேண்டும். விலகிப் போனால் பை பின்னோக்கி இழுக்கும், ஏறுகிறவர் முன்னால் கூனுவார்.

வழுக்குப்பாறையிலும் சங்கிலிப்பாறையிலும் இரண்டு கைகளும் வேண்டும். அங்கே பை உடம்போடு ஒட்டிக் கிடந்தது, ஆடவில்லை. குறை வேறிடத்தில் தெரிந்தது. பூச்சுத் துணி முதுகை மூடிக் காற்றை அடைத்துவிட்டதால் கோரக்கர் குகையை எட்டும் முன்பே சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்தது. பருத்தித் துண்டு ஒன்றைப் பட்டைகளுக்குள் கொடுத்து முதுகுக்கும் பைக்கும் இடையே தொங்கவிட்ட பிறகு பரவாயில்லை. இரட்டை லிங்கத்தருகே இளைப்பாறியபோது கொசுவலைப் பைக்குள் தெரிந்த வாழைப்பழத்துக்குக் குரங்கு ஒன்று கைவைத்தது. ஒரே இழுப்பு. வலை மேலிருந்து கீழ்வரை பிளந்தது. வலை தைத்திருந்த நைலான் ஓரத்தில் ஒரு நூல்கூட விலகவில்லை. சுந்தர மகாலிங்கத்தையும் சந்தன மகாலிங்கத்தையும் கும்பிட்டு மாலை தாணிப்பாறைக்கு இறங்கியபோது, பட்டை முனைகளிலும் மடிப்புத் தையல்களிலும் பிரிவு ஏதும் இல்லை.

அந்த வாரமே அத்தை கிழிந்த கொசுவலையைப் பிரித்தெடுத்தார். அந்த இடத்தில் மீந்த நைலானை வைத்து, ஈரம் போக அடியில் இரண்டு காஜாத் துளைகள் போட்டுத் தைத்தார். எடை ஏழெட்டுக் கிராம் கூடியிருக்கும். மறுபடி நிறுத்துப் பார்க்கவில்லை. வசந்தத்தில் ஆலைகள் திறந்தன. காலையில் வேலை வேனுக்குக் கிளம்பும்போது, மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கிய கருநீலப் பையைத் தாண்டி, அதற்குப் பக்கத்து ஆணியிலிருந்த மஞ்சள் துணிப்பையை எடுத்து அதில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு போனார்.